இன்னைக்கு எப்படிச் செத்தீங்க?

இது நடந்தது. சத்தியம் செய்யச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே ஒரு முறை பைபிளின் மேல் கை வைத்துப் பொய் சொன்னவன் நான். என் சத்தியம் செல்லாக்காசு. ஆனாலும் இது நடந்தது. 1613-ஆம் ஆண்டு, ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. மதியம் ஒன்றரை மணிக்கு ஆரம்பித்து நாலு மணிக்குள் முடிந்துவிட்டது. லண்டனில், நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யாரோ உங்களுக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

என் பெயர் மேத்யூ க்ரேக். நாடகக் கம்பெனியில் என்னைப் 'புத்தகக்காரன்' என்பார்கள். கவிஞர் எழுதிய முழு நாடகமும் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். அது என்னிடம் இருக்கும். வெளியே போனால் போட்டிக் கம்பெனிக்காரன் திருடிவிடுவான். அதனால் நடிகனுக்கு முழு நாடகம் தரமாட்டோம். அவனவன் பேசவேண்டியதை மட்டும் நீளத் தாளில் எழுதி, சுருட்டிக் கொடுத்துவிடுவேன். முன்னால் பேசுகிறவன் முடிக்கும் கடைசி மூன்று வார்த்தை, பிறகு இவன் வசனம். அவ்வளவுதான். அடுத்தவன் சுருளில் என்ன இருக்கிறது என்று இவனுக்குத் தெரியாது. தன்னை யார் குத்தப்போகிறான் என்பதைக்கூட மேடையில் தெரிந்துகொண்ட நடிகர்கள் உண்டு.

ஆக, அத்தனை பேரின் தலையெழுத்தும் என் கையெழுத்து. அதில் எனக்குப் பெருமை அதிகம். பதினாறு வருஷத்தில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது என்று மதுக்கடையில் பீற்றிக்கொள்வேன். அந்தப் பெருமைதான் இவ்வளவுக்கும் காரணம்.

கில்பர்ட் ஸ்டோக்ஸ் எங்கள் கம்பெனியில் சாகிற நடிகன். சிரிக்காதீர்கள், அதுதான் அவன் வேலை. பழிவாங்கும் நாடகங்களுக்குத்தான் அப்போது கூட்டம். ஒரு நாடகத்தில் ஆறு பிணமாவது விழவேண்டும். விஷம், கயிறு, கத்தி, எதுவானாலும் கில்பர்ட் அழகாகச் சாவான். மேடை ஏறுவதற்கு முன் திரைக்குப் பின்னால் நின்று பூட்ஸ் குதிகாலால் தரையில் மூன்று தட்டு தட்டுவான். டக். டக். டக். அது அவன் பழக்கம்.

நான் அவன் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். சாயங்காலம் அவன் கதவைத் திறந்ததும் அவன் மனைவி தாமசின் அடுப்படியிலிருந்து தலையைத் திருப்பாமலே கேட்பாள்.

"இன்னைக்கு எப்படிச் செத்தீங்க?"

"நல்லாத்தான் செத்தேன். பசிக்குது, கஞ்சி இருக்கா?"

தினமும் இதே கேள்வி, இதே பதில். பட்டாணிக் கஞ்சி கொதிக்கும் வாசனை. எனக்கும் ஒரு கிண்ணம் வைப்பாள். "தம்பி, இவர் செத்தா கஞ்சியாவது கேக்குறாரு. நீங்க எழுதி எழுதி ஆளக் கொல்றீங்க, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறீங்க" என்பாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள்.

1610 மே மாதம். ஒரு சனிக்கிழமை கவிஞர் வந்து ஒரு காட்சியை மாற்றினார். அதுவரை கொலைகாரன் இடப்பக்கம் குத்துவான். பெரிய மனிதர்கள் உட்காரும் பக்கத்துக்கு ரத்தம் தெரியவில்லையாம், இனிமேல் வலப்பக்கம் குத்தவேண்டும் என்றார். சின்ன மாற்றம். குத்துப்படுகிறவன் சட்டைக்குள் உள்ளங்கை அகலத்தில் ஓக் மரப் பலகை ஒன்றைத் தோல் வாரால் கட்டிக்கொள்வான். அதன்மேல் ஆட்டு ரத்தம் நிரப்பிய பை. பை கிழியவேண்டுமே, அதனால் கத்தியின் முனை மட்டும் நிஜமான கூர். பலகை எந்தப் பக்கமோ, கத்தியும் அந்தப் பக்கம் வரவேண்டும்.

கொலைகாரனாக நடித்தவர் ரோலண்ட் பைக். எங்கள் கம்பெனியின் தலைமை நடிகர். அவர் சுருளில் 'வலப்பக்கம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"கில்பர்ட்டோட சுருள்லயும் எழுதிட்டியா?" என்று கேட்டார் பைக்.

"எழுதிட்டேன்ணே" என்றேன்.

எழுதவில்லை. எழுதத்தான் போனேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டுக்கறி அப்பம் விற்கிறவள் வந்தாள். சுடச்சுட இருந்தது. சாப்பிட்டேன். கையைத் துடைத்தேன். மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கில்பர்ட் வீட்டில் உட்கார்ந்து வசனம் மனப்பாடம் செய்தான். தாமசின் வாத்தியார் மகள், எழுத்து தெரிந்தவள். சுருளைக் கையில் வைத்துக்கொண்டு அவள்தான் அவனுக்கு ஒப்பித்துக் கேட்டாள். நான் மாடியில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்போதும் ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை மேடையில் பைக் வலப்பக்கம் குத்தினார். பலகை இடப்பக்கம் இருந்தது.

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. இப்படி ஒரு சாவைப் பார்த்ததே இல்லை என்று கத்தினார்கள். எங்கள் வழக்கப்படி, நாடகம் எவ்வளவு துக்கமாக முடிந்தாலும், செத்தவர்கள் எல்லாரும் எழுந்து கடைசியில் ஒரு கும்மாள ஆட்டம் ஆடுவார்கள். பிணங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. மேளம் அடித்தது. கில்பர்ட் மட்டும் எழுந்திருக்கவில்லை.

எல்லாரும் மேடையில் அவனைச் சுற்றி நின்றபோது நான் உடை அறையில் இருந்தேன். அவன் மேல்சட்டை ஆணியில் தொங்கியது. பையில் சுருள். எடுத்தேன். மையைத் தொட்டேன். சரியான இடத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினேன். 'வலப்பக்கம்.' ஊதி உலர்த்தி, திரும்ப வைத்தேன். எழுதாக் குறைக்கு அழுதால் தீருமா என்பார்கள். நான் அழவில்லை. எழுதியே தீர்த்துவிட்டேன்.

விசாரணையில் சத்தியம் செய்து, மாற்றத்தைச் சனிக்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். இறந்தவன் குடித்திருக்கலாம், பலகையை மாற்றிக் கட்டியிருக்கலாம் என்று அதிகாரி முடித்தார். தாமசின் ஒருத்திதான் எழுந்தாள்.

"அந்தச் சுருள நான் ராத்திரி பூரா கையில வச்சிருந்தேன் ஐயா. அதுல வலப்பக்கம்னு ஒரு வார்த்தை இல்ல. தம்பி, நீங்க சொல்லுங்க. அவர் எப்படிச் செத்தாரு?"

நான் தரையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் தினமும் கொட்டகை வாசலுக்கு வந்தாள். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, அவர் எப்படிச் செத்தார் என்று கேட்டாள். நாடகம் நின்றது. ஆகஸ்டில் அவளைப் பைத்தியக்கார விடுதியில் சேர்த்தார்கள். அந்தக் காகிதத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டியிருந்தது. அவள் வீட்டில் குடியிருந்தவன் நான்தானே. போட்டேன். அழகான கையெழுத்து.

இதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை.

போன டிசம்பரில் புதிய நாடகம் ஒன்று வந்தது. தம்பியின் துரோகத்தால் பிள்ளைகளைப் பறிகொடுத்த பிரபு, பைத்தியம் பிடித்து, கடைசியில் தம்பியைக் குத்துகிறான். பைக்குக்குப் பைத்தியக் காட்சி பிடிக்கவில்லை.

"உப்புச் சப்பில்லாம இருக்கு. மேத்யூ, நீ அந்த விடுதிக்குப் போய் ரெண்டு மணி நேரம் நில்லு. நாலு பைத்தியம் நெஜமா என்ன பேசுதுன்னு எழுதிட்டு வா."

அது ஒன்றும் புதிதில்லை. ஒரு பென்னியைப் பெட்டியில் போட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். போனேன். மூன்றாவது அறையில் தாமசின் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தாள். முடி வெள்ளையாகிவிட்டது. கம்பிக்கு வெளியே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்டாள்.

"இன்னைக்கு எப்படிச் செத்தீங்க?"

கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு பதில் வரும் அளவுக்கு. பதில் வராது. அடுத்த ஆளிடம் கேட்பாள். என்னிடமும் கேட்டாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் எழுதிக்கொண்டேன்.

ஆமாம். அந்த வரியை எழுதிக்கொண்டு வந்து பைக்கின் சுருளில் சேர்த்தேன். அரசவையில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரையும் பைத்தியப் பிரபு கேட்கிறான், 'இன்னைக்கு எப்படிச் செத்தீங்க?' முதல் நாளே கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஐந்து நாள் தொடர்ந்து சிரித்தது. மதுக்கடையில் ஆளுக்கு ஆள் அதைச் சொல்லிக்கொண்டார்கள். ஆறாவது நாள்தான் ஜனவரி 19.

அன்று காலை பென்னட்டுக்குக் காய்ச்சல். துரோகத் தம்பியாக நடிக்கிறவன் அவன். அவனுக்குப் பதில் யார்? வசனம் எல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "நீயே போட்டுக்கோ. ஒரே காட்சி, பதினோரு வரி, அப்புறம் செத்துடு" என்றார் பைக்.

சாகவேண்டிய முறை எனக்கு வந்தது.

குளிர்காலத்தில் நாங்கள் நாடகம் போடுவது மூடிய மண்டபத்தில். ஜன்னல்களை அடைத்து, மெழுகுவர்த்திகளைக் கொளுத்திவிடுவோம். மதியம் ஒன்றரை மணிக்கு உடை அறையில் ரத்தப் பைகளைக் கட்டினேன். ஆட்டு ரத்தம், உறையாமல் இருக்க வினிகர். அன்றைக்கு மூன்று சாவு, ஆகவே மூன்று பை. ஆணியில் தொங்கவிட்டு, கை கழுவித் திரும்பினேன்.

நாலு பை தொங்கியது.

எண்ணினேன். நாலுதான். தப்பாகக் கட்டிவிட்டேன் என்று நினைத்தேன். நாலாவதைத் தொட்டேன். மற்ற மூன்றும் சில்லென்று இருந்தன. அது வெதுவெதுப்பாக இருந்தது. வினிகர் வாடை வரவில்லை.

இரண்டு மணிக்கு எக்காளம் ஊதி நாடகம் தொடங்கியது.

இரண்டே முக்காலுக்கு முதல் இடைவேளை. வயலின் வாசிப்பார்கள், மெழுகுவர்த்திகளின் திரியை வெட்டுவார்கள். யார் எப்போது மேடை ஏறவேண்டும் என்ற பட்டியலை நான் எழுதிச் சுவரில் மாட்டியிருப்பேன். அதைப் பார்க்கப் போனேன். கடைசிக் காட்சிக்கு நேரே பென்னட் பெயரை அடித்து என் பெயரை எழுதியிருந்தேன், காலையில். இப்போது என் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு வார்த்தை இருந்தது.

'வலப்பக்கம்.'

என் கையெழுத்து. வார்த்தை முடியும் இடத்தில் நான் ஒரு சின்ன வால் இழுப்பேன். அந்த வாலும் இருந்தது. நான் எழுதவில்லை. கட்டைவிரலால் தேய்த்தேன்.

மை ஈரமாக இருந்தது.

பைக் மேடையிலிருந்து உள்ளே வந்ததும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, எந்தப் பக்கம் குத்துவீங்க?"

"இடப்பக்கம்தான். அஞ்சு நாளா அங்கதானே குத்துறேன்."

"நிச்சயமா?"

"என்னய்யா, மூஞ்சி இப்படி வெளிறிப் போயிருக்கு? ஒத்தக் காட்சிக்கே இந்தப் பாடா?" என்று சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. அவருக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும். மெதுவாகச் சொன்னார். "இடப்பக்கம், மேத்யூ. அந்த விஷயத்துல நான் இனிமே தப்பு பண்ண மாட்டேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பலகையை இடப்பக்கம் கட்டினேன். வாரை இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டேன். அதன்மேல் பை. அதன்மேல் சட்டை. வலப்பக்கம் தடவிப் பார்த்தேன். என் விலா எலும்புகள் மட்டும்தான்.

மூன்று மணி. தேவாலய மணி அடித்தது.

உடை அறையில் யாரும் இல்லை. எல்லாரும் மேடையில். அப்போது ஒரு வாசனை வந்தது. பட்டாணிக் கஞ்சி. அங்கே அடுப்பு கிடையாது. நெருப்புக்குப் பயந்து அடுப்பே வைப்பதில்லை.

துணி அலமாரிக்குப் பின்னால் ஒரு சத்தம்.

கரக்... கரக்...

கிண்ணத்தின் அடியைக் கரண்டியால் வழிக்கிற சத்தம். பசியோடு சாப்பிடுகிறவன் வழிப்பான் இல்லையா, அப்படி. நான் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பழைய அங்கிகள் தொங்கின. வேறு எதுவும் இல்லை. சத்தம் நின்றது. திரும்பி நடந்தேன்.

கரக்...

ஓடி வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஆட்கள் இருக்கும் இடம். மேடை வெளிச்சம் திரை இடுக்கில் விழுந்தது. கூட்டம் கொட்டை உடைத்துத் தின்கிற சத்தம் கேட்டது. அதைக் கேட்கவே ஆறுதலாக இருந்தது.

மேடைக்கு இரண்டு வாசல். நான் நின்றது இடது வாசல். எதிரே வலது வாசல், அதற்கும் ஒரு திரை. அந்த வாசலில் அன்று யாரும் ஏறவேண்டியதில்லை. பட்டியலை எழுதியவன் நான், எனக்குத் தெரியும்.

அந்தத் திரைக்குக் கீழே இரண்டு பூட்ஸ் தெரிந்தன.

மூன்றரை மணி அடித்தது.

டக்.

டக்.

டக்.

ஓடிவிடலாம் என்று திரும்பினேன். பின்னால் யாரோ நின்றிருந்தார்கள். பார்க்கவில்லை. என் கழுத்தில் மூச்சு பட்டது. பெண் குரல். ரொம்ப மெதுவாக, ரொம்பப் பிரியமாக...

"இன்னைக்கு எப்படிச் செத்தீங்க?"

மேடைக்குள் விழுந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

பைக் பிரபுவின் கிழிந்த அங்கியில் நின்றிருந்தார். மற்றவர்களைக் கேட்டு முடித்து என் பக்கம் திரும்பினார். கையில் கத்தி. அதே வரியைச் சொன்னார்.

"இன்னைக்கு எப்படிச் செத்தீங்க?"

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. கொட்டை உடைக்கிற சத்தம் நின்றது. நானூறு பேர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தச் சாய்ப்பு எனக்குத் தெரியும்.

என் வரி 'நான் சாகவில்லை, அண்ணா' என்பது. நானே எழுதிக் கொடுத்த வரி. வாயைத் திறந்தேன்.

"என் எழுத்தால செத்தேன்."

என் வாய்தான் சொன்னது. நிறுத்த முடியவில்லை.

"ஒரு வார்த்தையால செத்தேன். சுருள்ல அத எழுத மறந்தது மேத்யூ க்ரேக். செத்த பிறகு எழுதினதும் அவன்தான். நான் குடிக்கல. பலகைய மாத்திக் கட்டல. என் பொண்டாட்டி பைத்தியம் இல்ல."

பைக்கின் முகம்... அதை நான் விவரிக்கமாட்டேன்.

கத்தி இடப்பக்கம்தான் வந்தது. பார்த்தேன். பாதி வழியில் அவர் மணிக்கட்டு வெட்டி இழுத்ததுபோல் திரும்பியது.

வலப்பக்கம்.

டொக்.

கட்டை.

கட்டையில் கத்தி இறங்குகிற சத்தம்.

வலப்பக்கம் முழுக்க ரத்தம் வழிந்தது. சூடாக. நான் விழுந்தேன். பிறகு கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. இப்படி ஒரு சாவைப் பார்த்ததே இல்லை என்று யாரோ கத்தினார்கள். என் பாவத்தை நானூறு பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன். அத்தனை பேரும் நடிப்பு என்று நினைத்துக் கை தட்டுகிறார்கள். படுத்தபடியே அழுதேன். அதற்கும் தட்டினார்கள்.

நாலு மணிக்கு உடை அறையில் சட்டையைக் கழற்றினேன். என் உடம்பில் ஒரு கீறல் இல்லை. இடப்பக்கம் நான் கட்டிய பலகை, அதன்மேல் கிழியாத ரத்தப் பை. இரண்டு முடிச்சும் அப்படியே இருந்தன. வலப்பக்கம் இன்னொரு பலகை. நான் கட்டாதது. அதன்மேல் அந்த நாலாவது பை, கிழிந்து. தோல் வார் இற்றுப்போய் நூல் நூலாகத் தொங்கியது. நிலவறை வாடை. நடுவில் புதிய கத்திக் குறி. ஓரத்தில் கத்தியால் செதுக்கிய இரண்டு எழுத்து. கி. ஸ்.

பைக் கதவைச் சாத்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"என் கை போகலடா. யாரோ பிடிச்சு இழுத்தாங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எழுதிட்டேன்னு சொன்னியே" என்றார்.

"ஆமாண்ணே."

"ரெண்டரை வருஷம். நான்தான் கொன்னேன்னு தினம் குடிச்சிட்டுப் படுக்குறேன். எழுதிட்டேன்னு சொன்னியேடா."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அடிக்கவில்லை. எழுந்து தன் மேலங்கியை எடுத்து என் தோளில் போட்டு, "வா, இப்பவே போவோம்" என்றார்.

நீதிபதி முதலில் நம்பவில்லை. "நாடகக்காரங்களுக்கு எங்க போனாலும் நாடகம்தான்" என்றார். பைக் இருந்ததால் எழுதிக்கொண்டார்கள். பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை பின்னால் வரும், அது கிடக்கட்டும். மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தாமசினை விடுவிக்கும் காகிதத்தோடு விடுதிக்குப் போனேன். பலகையைத் துணியில் சுற்றி எடுத்துப்போனேன்.

காவலாளி காகிதத்தைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"நேத்து சாயங்காலத்துலேருந்து அந்தம்மா கேள்வி கேக்கிறதில்ல ஐயா. தெளிவாத்தான் பேசுது. மூணரை மணி இருக்கும், உள்ள கிண்ணத்த வழிக்கிற சத்தம் கேட்டுச்சு. அந்தம்மாவுக்கு நேத்து நாங்க கஞ்சியே குடுக்கல. போய்ப் பாத்தா சுவத்தப் பாத்து சிரிச்சிட்டு உக்காந்திருக்கு."

தாமசின் தன் சால்வையை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க தம்பி. அன்னைக்கு வந்து எழுதிட்டுப் போனீங்களே, அப்பவே உங்கள எனக்குத் தெரிஞ்சுது."

நான் மண்டி போட்டேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மன்னிப்பெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. என்கிட்ட இல்ல அது" என்றாள். "அவர் வந்தாரு. எப்படிச் செத்தீங்கன்னு கேட்டேன். ஒரு வார்த்தையிலன்னாரு. பசிக்குதுன்னாரு. சாப்பிட்டாரு. போறப்ப உங்களுக்கு ஒண்ணு குடுத்திருக்கேன்னு சொன்னாரு. இரவல்தானாம். திரும்ப வாங்கிக்க வருவேன்னு சொல்லச் சொன்னாரு."

துணியைப் பிரித்துப் பலகையைக் காட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. விரலால் அந்த இரண்டு எழுத்தையும் தடவினாள். புதிய கத்திக் குறிக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது உங்க வீட்லதானே இருந்தது?" என்றேன். "யாராவது எடுத்திருக்கணும்."

"வீட்ல இல்ல தம்பி. பெட்டிய ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடி நானே அவர் சட்டைக்குள்ள வச்சுக் கட்டினேன். அதோடதான் புதைச்சாங்க. நீங்ககூட ஒரு பிடி மண் போட்டீங்களே."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எந்தப் பக்கம் கட்டினீங்க?"

அவள் மடித்த சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வலப்பக்கம்" என்றாள். "இனிமேலாவது சரியா இருக்கட்டும்னு."